காலாற நடப்பதற்கு ஒரு பாத்தியதை

பள்ளி விடுமுறையும் நீண்ட வாரக்கடைசியும் சேர்ந்து வருகிற நாட்களில், தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையாலும் சிம்பாங் பூலாயிலிருந்து வரும் புதிய சாலையாலும் அணிவகுத்து வந்து சேரும் மோட்டார் வண்டிகள் பிரிஞ்சாங் கடைவீதியில் அசையாமல் நின்றுவிட, கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்காற்றைச் சுவாசிக்கவேண்டுமென்று புறப்பட்ட ஜனங்கள், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முன்வண்டியின் பின்பக்கத்தைத் தரிசித்தபடி அரைநாளைக் கழிக்கிறார்கள். பிறகு ஸ்ட்ராபெரித் தோட்டம் ஒன்று, தேன்பண்ணை ஒன்று, தேயிலைச் சரிவை நோக்கிய மாடத்தில் ஒரு கோப்பைத் தேநீர், நான்கைந்து புகைப்படங்கள். அத்துடன் யாத்திரை நிறைவேறிவிடுகிறது. கேமரன் மலைக்குப் போய்வந்தோம் என்று ஊர் திரும்பிச் சொல்லிக்கொள்ளும் இவர்களில் பெரும்பாலோருடைய பாதம் மலையின் மண்ணில் பட்டதே இல்லை.

இதற்காக அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. நடப்பதற்கு அங்கே வழியுண்டு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. சொன்னாலும், அந்த வழியில் கால்வைக்கத் தங்களுக்குப் பாத்தியதை உண்டா, யாராவது அதட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பாரும் இல்லை. இந்தச் சந்தேகத்தைச் சட்டபூர்வமாகத் தீர்த்துவைப்பது அம்மலை அமைந்துள்ள மலேசியாவின் பகாங் மாநில அரசாங்கத்தின் கடமை என்பதும், அக்காரியத்தில் முதற்குரல் எழுப்பவேண்டியவர்கள் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த தமிழர்களின் சந்ததியாரே என்பதும் என் அபிப்பிராயம்.

கேமரன் மலையின் சரித்திரத்தைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவை உத்தியோகஸ்தர் இம்மலைப்பிரதேசத்தைக் கண்டு எழுதிவைத்த செய்தி, நாற்பது ஆண்டுக்காலம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, மலைவாசஸ்தலம் அமைப்பதற்கு உகந்த இடம் இது என்று வற்புறுத்திய பின்னரே காரியங்கள் வேகம் பெற்றன. தாப்பாவிலிருந்து வெட்டப்பட்ட சாலை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது. சமவெளியின் வெக்கையில் வாடிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள், தாய்நாட்டின்மேல் கொண்ட ஏக்கத்தையெல்லாம் இங்கே தீர்த்துக்கொள்ள முற்பட்டார்கள். மரச்சட்டங்கள் வெளியே தெரியக் கட்டிய பழைய பாணி வீடுகள், குளிருக்குக் கணப்பு மூட்டும் அடுப்புகள், ரோஜாப் பாத்திகள், கோல்ஃப் மைதானம் என்று இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கிராமம் ஒன்றின் தோற்றத்தைப் பூமத்திய ரேகைக்கு அருகில் உண்டாக்கிவிட்டார்கள். 1937இல் திறந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதி இன்றும் அந்தக் கோலத்திலேயே நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பிரயாணிகள் குறைவு.

ஆனால் ஆங்கிலேயர் இவ்வளவையும் கொண்டுவந்தார்களே தவிர, தங்கள் நாட்டுக் கிராமத்துக்கு ஜீவநாடியாக விளங்கும் ஒன்றைக் கொண்டுவரவில்லை. அங்கே எந்தச் சிறு கிராமத்துக்குப் போனாலும், மாதாகோவிலின் பின்புறத்திலோ பண்ணைவீட்டின் ஓரத்திலோ, பொதுப்பாதை என்று எழுதிய கைகாட்டிமரம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அது காட்டும் ஒற்றையடிப்பாதை, ஒருவருடைய கோதுமை வயலின் நடுவே சென்று, இன்னொருவருடைய ஆட்டு மந்தை மேயும் புல்வெளியைக் கடந்து, ஓடைமேல் போட்ட பலகைப்பாலம் ஏறி, அடுத்த கிராமத்துச் சத்திரத்தில் கொண்டுபோய் விடும். நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. நிலத்துக்குச் சொந்தக்காரர் சீமானேயானாலும் அந்தப் பாதையில் வேலியடைக்க முடியாது; நடப்பவர் கூலிக்காரரேயானாலும் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இத்தகைய பாதைகள் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் படத்தில் ஏற்றிக் காப்பாற்றப்பட்டு வருகின்றன. முதியவர்களும் குழந்தைகளும் அவசரமின்றி ஒருமணி இரண்டுமணி நேரம் நடந்துவிட்டு வீடு திரும்பும் அந்நாட்டு வழக்கத்துக்குப் பின்னால் இப்படியொரு சட்டம் நிற்கிறது.

அந்தச் சட்டமும் பிரபுக்கள் மனமிரங்கி அளித்த தானமன்று. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர் நகரத்து ஆலைத் தொழிலாளர்களும் வேலையில்லாத இளைஞர்களுமாக நூற்றுக்கணக்கானோர், பிரபுக்களின் வேட்டைக்காக மூடிவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் அனுமதியின்றிக் கூட்டமாக ஏறினார்கள். காவற்காரர்களோடு கைகலப்பு நேர்ந்து, ஐந்து இளைஞர்கள் சிறைத்தண்டனை பெற்றார்கள். பொதுமக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றி நடந்த பாதையைப் பொதுப்பாதையாகவே கருதவேண்டும் என்ற விதி அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. யுத்தத்துக்குப்பின், 1949இல், தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறப் பிரவேசத்துக்குமாக ஒரு சட்டம் நிறைவேறி, ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லையிலுள்ள பாதைகளையெல்லாம் தீர்மானமான படமாக வரைந்து வெளியிடவேண்டும் என்று கட்டளையிட்டது. அப்போது கிராம மன்றங்களைச் சேர்ந்த சாதாரண மனிதர்கள், தங்கள் ஊரின் பாதைகளைத் தாங்களே நடந்து பார்த்து, எது எந்த வயலின் ஓரமாகப் போகிறது, எங்கே படிக்கட்டு உடைந்திருக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொடுத்தார்கள். அந்நாட்டின் பாதைப் படங்களுக்கு அக்குறிப்புகளே ஆதாரம்.

மான்செஸ்டர்க்காரர்கள் மேட்டுநிலத்தில் ஏறிய அதே காலத்தில் கேமரன் மலையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்னே என்பவரின் துணையோடு போ தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடு திருத்திய சரிவுகளில் நாற்று நட்டுக் களையெடுத்துக் கொழுந்து கிள்ளத் தமிழ்த் தொழிலாளிகள் மலையேறினார்கள். சாலைகள் துரைமார்களின் வண்டிக்கும் தேயிலைப் பெட்டிகளுக்கும் உரியவையாயிருக்க, தொழிலாளிக்கு வாய்த்தது கால்நடையே. விடியற்காலை இருட்டில் லயத்து வீட்டிலிருந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு ஒரு பாதை. அங்கிருந்து கொழுந்துக்காட்டுக்கு ஒரு பாதை. குழந்தையை விட்டுப்போக ஆயாக்கொட்டகைக்கு ஒரு பாதை. கூடை நிறைந்ததும் நிறுவைக் கொட்டகைக்கு ஒரு பாதை. பள்ளிக்கூடத்துக்கு, மாரியம்மன் கோயிலுக்கு, கடைசியில் இடுகாட்டுக்கு என்று மனிதவாழ்வின் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பாதை அந்தத் தேயிலைச் சரிவுகளில் காலால் எழுதப்பட்டது. பொறியாளர் வரைந்தவையல்ல அவை. பாரம் சுமக்கிறவர்களுக்கே தெரியும் சூட்சுமத்தோடு, எந்த இடத்தில் ஏற்றம் மூச்சை வாங்குமோ அங்கே பக்கவாட்டில் திரும்பி, எந்த இடத்தில் மழைநீர் பாய்ந்து வழுக்குமோ அங்கே கல்பாவி அமைந்தவை.

கிண்டர் ஸ்கவுட்டில் ஏறியவர்களும் தொழிலாளிகள். போ தோட்டத்தில் ஏறியவர்களும் தொழிலாளிகள். ஆறு நாள் ஆலைக்குள் அடைந்து கிடந்தவர்கள் ஏழாம் நாள் உல்லாசமாக நடப்பதற்கு உரிமை கேட்டார்கள். நாளெல்லாம் மலையில் நடந்து தேய்ந்த நம்மவர்களுக்கு நடை என்பது வேலையின் மறுபெயராயிருந்ததால், அதை ஓர் உரிமையாக எண்ணிப்பார்க்கவும் அவகாசம் வாய்க்கவில்லை. விளைவை இன்று காண்கிறோம். அவர்களுடைய பாதை தேசத்தின் சொத்தாகிப் படத்தில் ஏறிவிட்டது. நம்மவர்களுடைய பாதையோ, பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்ட பிறகு, கொழுந்து கிள்ளிய விரல்களின் இடத்துக்குக் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்ட பிறகு, வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வரும் தொழிலாளிகள் சில ஆண்டுகள் நடந்துவிட்டு ஊர் திரும்புகிற இந்நாளில், எந்தப் பாதை எங்கே போனது என்று சொல்வதற்கும் ஆளின்றிப் புல் மூடி வருகிறது.

நடக்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் அங்கே வழிகள் இல்லாமற் போகவில்லை. தானா ராத்தாவைச் சுற்றி எண்ணிட்ட காட்டுப்பாதைகள் பல உள்ளன. நான்காம் எண் பாதை, ஊரை ஒட்டினாற்போல் மரநிழலில் சென்று பாரிட் அருவியை அடையும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டியும் நடக்கக்கூடிய சுகமான வழி அது. ஒன்பதாம் எண் பாதை ராபின்சன் அருவிக்குக் கொண்டுசெல்லும். அதன் கிளைவழி கீழிறங்கி, போ தோட்டத்துக்குச் செல்லும் சாலையை எட்டும். பத்தாம் எண் பாதையில் குனோங் ஜாசார்மீது ஏறுகிறவர்களுக்குச் சற்று முழங்கால் பலம் வேண்டும். சுங்கை பாலாஸ் தோட்டத்தின் வழியே குனோங் பிரிஞ்சாங்கின் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உச்சியை நோக்கி ஏறும் சாலையிலோ, தேயிலையின் மரகதப் பச்சை முடிந்து பாசி போர்த்த மரங்களின் கரும்பச்சை தொடங்கும் எல்லையை, வண்டியில் போகிறவர் ஒரு திருப்பத்தில் இழந்துவிட, நடந்து போகிறவர் அடிக்கு அடி அனுபவிக்கலாம். நிரைநிரையாய் வெட்டி நிறுத்திய தேயிலைச் செடிகளுக்கிடையே மூடுபனி புகுந்து கலைகிற காலைவேளையில் அரைமணி நேரம் நடந்தவனுக்கு, மாடத்தில் நின்று பார்த்த அதே சரிவு வேறொரு சரிவாகத் தோன்றும் என்பதை விவரிக்கவேண்டியதில்லை.

ஆயினும் இவ்வழிகளின் நிலைமை மெச்சத்தக்கதாக இல்லை. சில இடங்களில் எண்பலகை சாய்ந்துகிடக்கிறது. சில இடங்களில் பலகையே இல்லை. மரம் விழுந்த பாதை விழுந்த மரத்தோடேயே கிடக்கிறது. கேமரன் மலையில் நடைபோனவர்களில் உலகம் பேரைச் சொல்லி நினைவுகூரும் ஒருவர், தாய்லாந்துப் பட்டுக்குப் புகழ் தேடித்தந்த ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர். 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பிற்பகல் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் புறப்பட்டவர் திரும்பி வரவேயில்லை. போலீஸாரும் ராணுவத்தாரும் மலையின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களும் நாட்கணக்கில் தேடியும் அவருடைய தடயம் அகப்படவில்லை. அந்த மர்மத்தைக் கதைகதையாகச் சொல்லிப் பிரயாணிகளை மகிழ்விக்கும் நாம், அவரைப்போல் உலாவப் புறப்படும் இன்னொருவர் வழிதவறாதிருக்க, நூறடிக்கு ஓர் அடையாளம் நாட்டவேண்டுமென்று எண்ணவில்லை என்பது வியப்பே.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் உள்ளதுபோல், நெடுநாள் நடந்த ஒரே காரணத்தால் அயலார் நிலத்தின்மேல் வழிப் பாத்தியதை பிறப்பதை நம்முடைய 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு அங்கீகரிப்பதில்லை. ஆகவே, என் பாட்டனார் நடந்தார், என் தந்தையார் நடந்தார் என்ற அனுபோகத்தைக் காட்டி ஒருவர் இங்கே வழக்காடிப் பயனில்லை. ஆனால் அதே சட்டத்தொகுப்பு, அவசியமென்று கண்டவிடத்துப் பொதுமக்களின் உபயோகத்துக்காக வழியுரிமையை ஏற்படுத்தும் அதிகாரத்தை நில நிர்வாகியிடம் ஒப்படைத்திருக்கிறது. கருவி கையில் இருக்கிறது. அதை எடுத்துப் பிரயோகிக்கும் சித்தம் வேண்டும்.

தோட்ட நிர்வாகங்கள் இதற்கு ஆட்சேபம் கூறக்கூடும். அவற்றில் நியாயமும் உண்டு. தேயிலைத் தோட்டம் பூங்காவன்று, தொழில் நடக்கும் இடம். மருந்தடிக்கும் நாட்களில் அயலார் உட்புகுவது அபாயம். செடியை மிதிப்பார்கள், குப்பை போடுவார்கள், லயத்து வீடுகளின் முன்னால் நின்று அங்கே குடியிருப்பவர்களை வேடிக்கைப் பொருளாக்கிப் படம் எடுப்பார்கள் என்ற அச்சம் அர்த்தமற்றதன்று. ஆனால் இவை யாவும் பாதையில்லாத நிலையிலும் நடப்பவையே. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கிடைத்த இடத்தில் செடிகளுக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வோரை இன்று யார் தடுத்துவிட்டார்கள்? அடையாளமிட்ட ஒரு வழி இருந்தால், பெரும்பாலோர் அவ்வழியைவிட்டு விலகமாட்டார்கள். இங்கிலாந்திலும் நடக்கும் உரிமை பாதையளவில் நிற்பது; இருபுறமும் உள்ள வயலில் இறங்க யாருக்கும் அதிகாரமில்லை. நாட்டுப்புறத்தில் நடந்துகொள்ளவேண்டிய முறைகளைத் தொகுத்து 1951இல் அங்கே ஒரு நெறியேடு வெளியிட்டு, திறந்த படலை மூடிவிட்டுப் போ, குப்பையை வீட்டுக்கு எடுத்துப்போ என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் போதித்தார்கள். லயத்தருகே செல்லாத வழியைத் தேர்ந்தெடுப்பதும், மருந்தடிக்கும் நாளில் படலைச் சாத்தி அறிவிப்புப் பலகை தொங்கவிடுவதும் மனம் வைத்தால் ஆகாத காரியங்களா?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. தேயிலைக்கு முன்னும் கேமரனுக்கு முன்னும் இம்மலையில் நடந்தவர்கள் செமாய் முதலிய ஒராங் அஸ்லி மக்கள். காட்டுப்பாதைகளில் பல அவர்களுடைய வேட்டைக்கும் கிழங்குக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் வழிகள். அவற்றைப் பொதுவென்று அறிவித்து ஊரார் எல்லோரையும் உள்ளே அனுப்புவது, ஒருவருடைய வீட்டு முற்றத்தைச் சந்தையாக்குவதாய் முடியும். எனவே, எந்தப் பாதை திறக்கப்படலாம், எது மூடியே இருக்கவேண்டும், திறந்த பாதையில் வழிகாட்டியாக யார் வரவேண்டும், அதற்கு என்ன ஊதியம் என்பவற்றையெல்லாம் அந்தக் கிராமங்களே தீர்மானிக்கட்டும். அவர்கள் இணங்காத பாதை படத்தில் ஏறக்கூடாது. நடந்தவனுக்கே பாதையில் முதல் உரிமை என்ற நியாயத்தைத் தமிழருக்காகக் கோருகிற நாம், நமக்கு மூத்தவர்களுக்கு அதை மறுப்பது தர்மமாகாது.

பொதுப்பாதையால் விளையும் நன்மை உல்லாசத்தோடு முடிவதன்று. 2013ஆம் ஆண்டு அக்டோபரில், பெருமழைக்கிடையே சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட் பகுதியில் மறுபடியும் சேற்றுவெள்ளம். மேற்சரிவுகளில் காட்டை அழித்துத் திருத்திய நிலங்களிலிருந்து மண் கரைந்து வந்து ஆற்றையும் ஏரியையும் தூர்த்துவிட்டதை எல்லோரும் அப்போது பேசினார்கள். மறைவில் காடு வெட்டுகிறவனுக்கு ஆள்நடமாட்டமே பெரும் விரோதி. வாரந்தோறும் ஊரார் நடக்கிற பாதையருகே ஒரு சரிவு மொட்டையானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி பரவிவிடும்; யாரும் நடக்காத காட்டில் மொட்டையானாலோ, வெள்ளம் வந்து வீட்டுக்குள் புகுந்த பிறகே தெரியவரும். 2001 முதல் அங்கே இயங்கிவரும் ரீச் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பைப் போன்றவர்கள் எழுப்பும் குரலுக்கு, நடக்கிற ஜனங்களின் கண்கள் வலுவான சாட்சியாகும்.

என்ன செய்யவேண்டும் என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். கேமரன் மலை மாவட்ட மன்றம், தோட்ட நிர்வாகங்கள், ஒராங் அஸ்லி கிராமத் தலைவர்கள், தோட்டக் கோயில் நிர்வாகஸ்தர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரடங்கிய ஒரு குழுவை மாநில அரசாங்கம் நியமிக்கட்டும். தோட்டங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியோர்களை அழைத்துக்கொண்டு அக்குழு பாதை பாதையாக நடந்து பார்த்து, ஒவ்வொன்றின் போக்கையும் பழைய உபயோகத்தையும் குறித்துக்கொள்ளட்டும். இங்கிலாந்தின் கிராம மன்றங்கள் செய்த வேலைதான் இது, இதற்குப் பெரிய நிபுணத்துவம் வேண்டியதில்லை. நிர்வாகங்கள் மனமொப்பிக் கொடுக்கும் இரண்டு மூன்று பாதைகளை முதலில் திறந்து, அடையாளம் நாட்டி, சட்டப்படி பதிவுசெய்யட்டும். பராமரிக்கும் வேலையையும் வழிகாட்டும் வேலையையும் மலையிலேயே வாழும் இளைஞர்களுக்கு ஊதியத்தோடு கொடுக்கட்டும். கோயில் திருவிழாவுக்கென்று வெளியூர்களிலிருந்து மலையேறி வரும் தோட்டத்துப் பிள்ளைகள், தங்கள் பாட்டிமார் கூடை சுமந்த வழியில் ஒருமுறையாவது தங்கள் குழந்தைகளை நடத்தி அழைத்துப்போகட்டும்.

காலம் தாழ்த்துவதற்கில்லை என்பதை மட்டும் அதிகாரிகள் உணரவேண்டும். நிலத்தை எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம், சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் பிரயோகிக்கலாம். ஆனால் இந்தப் பாதைகளை எழுதிவைத்த ஏடு எந்தக் கச்சேரியிலும் இல்லை, எண்பதைத் தாண்டிய சில முதியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அவர்கள் கைகாட்டி இதுதான் வழி என்று சொல்லக்கூடிய காலத்திலேயே பாதைப் படத்தை வரைந்துவிடவேண்டும். பின்னால் வரைவதானால், நாம் வரைவது பாதையாயிராது, ஊகமாகவே இருக்கும்.